வாசற்கால்

சுவரில் சிவப்புச் சாயத்தில் ஓர் எண். அளந்தவர்கள் எழுதிவிட்டுப் போனது. அதன்மேல் யாரோ சாணி உருண்டையை விட்டெறிந்திருக்கிறார்கள். காய்ந்து பாதி உதிர்ந்துவிட்டது; எண் அப்படியே இருக்கிறது.

கூரையில் ஓடு இல்லை. நேற்றே இறக்கி வேப்பமரத்தடியில் அடுக்கியாயிற்று. இன்றைக்கு வாசற்கால். தேக்கு. மூத்த மகன் கடப்பாரையைச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் நுழைத்து நெம்புகிறான். காரை உதிர்கிறதே தவிர மரம் அசைவதாக இல்லை.

"பாத்துடா, பொளந்துக்கப் போவுது" என்கிறாள் ஆயா, ஓட்டு அடுக்குக்குக் காவலாக உட்கார்ந்தபடி. காலி செய்யும் ஊர்களில் பழைய ஓட்டுக்கும் விலை பேச ஆள் வந்துவிடுகிறார்கள்.

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி சுரங்கத்தின் விளிம்புக்கு வந்துவிட்ட ஊர் இது. விளிம்பு நகர்ந்து வந்தது என்பதுதான் சரி. தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவில்லை. தெருக்கோடியில் நின்றால் மண்மலை தெரிகிறது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணைப் புரட்ட வேண்டும். புரட்டியதைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மலை. இந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் பார்க்கிற மலை அதுதான்.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. அதைத் தோண்ட 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டே நேரு வந்து தோண்டலைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டின் பல வீடுகளில் விளக்கெரிந்ததில் இந்த மண்ணுக்குப் பங்குண்டு. அதை இங்கே யாரும் மறுப்பதில்லை. மூத்தவனே சுரங்கத்தில்தான் வேலை செய்கிறான், கான்ட்ராக்டில். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன் சட்டைகூட மாற்றவில்லை. அந்தச் சட்டையோடுதான் சொந்த வீட்டை நெம்பிக்கொண்டிருக்கிறான்.

வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். தண்ணீர் ஓடுகிறது, சுரங்கத்துத் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். முன்பு இந்த வட்டாரத்தில் மோட்டார் இல்லாமலே பொங்கி வழிந்த குழாய்க் கிணறுகள் இருந்தன. அவற்றைப் பொங்க வைத்ததும் இந்த நீர்தான். இப்போது போர் போட்டால் பல நூறு அடி போக வேண்டியிருக்கிறது. சுரங்கம் இறைத்துவிடும் நீரோ வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களில் பாய்கிறது. கிணற்றை இழந்தவரே வாய்க்காலில் மடை திறக்கிறார். இதில் நன்றி சொல்வதா, வழக்குப் போடுவதா?

2023 ஜூலையில் இதே வட்டாரத்து வளையமாதேவியில் கதிர் பிடித்து நின்ற நெல்லின்மேல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டத்தான். நிலம் எப்போதோ எங்களுடையதாகிவிட்டது என்றது நிறுவனம். அது காகிதப்படி சரி. ஆனால் விதைத்து, நட்டு, களையெடுத்த மாதங்களில் யாரும் வந்து வயலை மறிக்கவில்லை. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது உயர் நீதிமன்றம்.

இந்த வீட்டுக்கான இழப்பீட்டுக் கணக்கும் தாளில் இருக்கிறது. கொல்லையில் தென்னை இத்தனை, பலா ஒன்று, முந்திரி இத்தனை, சுவர் இவ்வளவு நீளம். எண்ணத் தெரிந்தவர்கள்தான் எண்ணியிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிலமில்லை, நடவுக்கும் களைக்கும் போனவள். வயல் போனதும் அவளுடைய கூலியும் போயிற்று. அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. இடுப்பில் அரிவாளைச் செருகியிருக்கிறாள். இன்றைக்கு அறுக்க எங்கும் கதிரில்லை; பழக்கத்தில் செருகியிருப்பாள்.

வாசற்கால் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்துவிட்டது. நாலு பேர் பிடித்து இறக்குகிறார்கள். மேல்கட்டையில் மஞ்சளும் குங்குமமும் வருஷக்கணக்காய்ப் பூசி விரல் தடிமனுக்கு ஏறியிருக்கிறது. புது இடத்தில் கட்டப்போகும் காங்கிரீட் வீட்டில் இந்த வாசற்கால் பொருந்துமா என்று கொத்தனாரிடம் இன்னும் கேட்கவில்லை. பொருந்தாவிட்டால் அறுத்துப் பலகையாக்கிக்கொள்ளலாம் என்கிறான் சின்னவன். ஆயா அவனை முறைக்கிறாள்.

குட்டியானை வந்து நிற்கிறது. வாசற்காலைப் படுக்கப் போட்டால் ஓட்டுக்கு இடமில்லை. "ரெண்டு நடை ஆவும்" என்கிறார் டிரைவர்.

"ஆவட்டும். மொத நடையில மரம் போவட்டும்" என்கிறாள் ஆயா. பிறகு வாடகையில் அம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறாள். டிரைவர் மாட்டேன் என்கிறார். அவளும் விடுவதாக இல்லை.