ஜூலை 31

ஜூலை 31ஆந் திகதியைக் கிரிக்கெற் அபிமானிகள் ஜிம் லேக்கருக்கே உரித்தாக்குவர். 1956இல் அன்று மான்செஸ்ரரில் அவுஸ்திரேலியாவின் இறுதி விக்கெற்றையும் வீழ்த்தி, ஒரே ஆட்டத்தில் 19 விக்கெற்றுகளைக் கைப்பற்றியவர் அவர். எஞ்சிய ஒன்றைப் பெற்ற ரொனி லொக்கை எவர் நினைக்கிறார்?

எனக்கோ அந்நாள் 1948ஆம் ஆண்டிற்குரியது. இலங்கை சுதந்திரமடைந்து ஆறு மாதமும் நிறையவில்லை. வெம்பிளி மைதானத்தில், 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 செக்கனில் முடித்து, டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் வென்றார். அமெரிக்கரான ரோய் கொக்ரன் அவரை முந்தியது 0.7 செக்கனால் மாத்திரமே. ‘இரண்டாமிடந்தானே’ என்று இதனை இலேசாகக் கூறுவோருடன் நான் வாதிட்டதுண்டு. அடுத்த ஒலிம்பிக் பதக்கத்திற்கு இந்நாடு 52 ஆண்டுகள் காத்திருந்தது. 2000இல் சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற அவ்வெண்கலமும், மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தினால் தம் பதக்கத்தை இழந்தபின், வெள்ளியாயிற்று.