கூட வந்தவர்கள்

"தூக்கம் எப்படிப்பா இருக்கு?" என்று பையனைத்தான் கேட்பேன். "ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டேதான் இருக்கான் சார்" என்று பதில் அம்மாவிடமிருந்து வரும். பசியைப் பற்றிக் கேட்டால் அப்பா முந்திக்கொள்வார். பையன் தரையைப் பார்த்தபடி இருப்பான்.

மனநல சிகிச்சையில் குடும்பத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பது எங்கள் துறையில் ஓயாத விவாதம். நோயாளியும் ஆலோசகரும் தனியே பேசுவதுதான் நாங்கள் படித்த மேலைநாட்டுப் பாடம். ஆனால் 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்துக்குள் கூடாரம் அடித்து உறவினர்களையும் நோயாளியோடு தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டே சிகிச்சை தந்தது. நான் இவர்கள் கட்சி. மனச்சிதைவு நோய்க்குப் பெரும்பாலும் வருஷக்கணக்கில் மாத்திரை வேண்டும். அதை எடுத்துக் கொடுப்பது வீட்டார்தானே?

அதே வீடு நோயைக் கிளறியும் விடும். லண்டனில் ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுன், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, வாடகை அறையில் தங்கியவர்களைவிட அதிகமாக நோய் திரும்பியது. குத்திக்காட்டுவது, வெறுப்பு, அளவுமீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது ஆகியவற்றை அளக்கப் பின்னால் ஒரு பேட்டிமுறை வந்தது. அதில் சொல்லோடு குரலின் தொனியும் கணக்கில் சேரும். என் தொழிலில் எனக்கு மிகவும் உதவியது தொனியைக் கவனிக்கும் இந்த ஒன்றுதான். "மாத்திரை போட்டியா?" என்று விருந்தாளி முன்னால் கூடத்திலிருந்து கத்துவது ஒரு விதம். சாப்பிட்டு முடிக்கும்போது தண்ணீரோடு மாத்திரையைப் பக்கத்தில் வைத்துவிட்டு அதையே கேட்பது வேறு விதம். இதை விளக்கிச் சொன்னால் மண்டையில் ஏறாது. என் எதிரிலேயே கேட்டுக் காட்டச் சொல்வேன். முதல் தடவை பெரும்பாலும் அதட்டலாகத்தான் வரும். திரும்பச் சொல்ல வைப்பேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நோயாளியிடம் தனியாகப் பேசிவிடுவேன். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருமகளும் வாய் திறப்பதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. தனக்கான பிரதிநிதியைத் தானே நியமிக்கும் உரிமையையும் வயது வந்தவருக்குத் தருகிறது. பெற்ற எங்களையே வெளியே உட்காரச் சொல்வதா என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். எத்தனையோ ராத்திரி தூங்காமல் அழைத்து வந்தவர்கள்.

உங்கள் வீட்டில் ஒருவரை அழைத்து வரும்போது, முதல் அரைமணி நேரம் வெளியே காத்திருங்கள். அவர் சம்மதித்ததும் நானே வந்து உங்களைக் கூப்பிடுகிறேன்.