மாஞ்சா இல்லாத பட்டம்!

‘பட்டம்’னாலே எங்க வீட்ல ரெண்டு அர்த்தம். ஒண்ணு, நான் வாங்கப் போற பி.இ. இன்னொண்ணு, அப்பா கழுத்துல போட்ட ஆறு தையல். பைக்ல போனவரை அறுத்தது, யாரோ விட்ட மாஞ்சா நூல். அதனால முதல் பட்டத்துக்கு மட்டும்தான் பர்மிஷன்!

எனக்கோ ‘ஸ்டன்ட் கைட்’ கத்துக்க ஆசை. 2022 ஆகஸ்ட்ல சர்வதேசப் பட்டத் திருவிழா நடந்த மாமல்லபுரத்துலயே கத்துக்கணும்னு அடம். “இதுல மாஞ்சாவே கிடையாதுப்பா” என்று கெஞ்சினேன். “நானும் வர்றேன்” என்று ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஏறிவிட்டார் அப்பா.

மதியம் மூணு மணி. தூரத்தில் கடற்கரைக் கோயில். கடல்காற்று ஆரம்பிக்க, ஆளில்லாத மணலில் கடலுக்கு முதுகு காட்டி நின்றோம். முக்கோணப் பட்டம், ஒரே நீளத்தில் ரெண்டு நூல். வலதை இழுத்தா வலப்பக்கம் திரும்பும்; இடதை இழுத்தா இடப்பக்கம். சுத்திச் சுத்தி நூல் முறுக்கிக்கிட்டாலும் சொன்ன பேச்சு கேட்கும்!

கஷ்டமானது ‘ஆக்ஸல்’. பட்டத்தை ஒரு நொடி அந்தரத்தில் நிறுத்தி, ஒரு நூலைச் சுண்டி, உடனே ரெண்டையும் தளர்த்தணும். தட்டு மாதிரி படுத்துச் சுழலும். நான் பயத்துல இழுத்துப் பிடிக்க, ஏழு தடவை மணலில் பொத்!

“சுண்டினதும் கையை முன்னால நீட்டு தம்பி. விட்டாதான் சுத்தும்” என்றார், சொல்லிக்கொடுத்த அண்ணன்.

எட்டாவது தடவை... சுத்திருச்சு!

திரும்பிப் பார்த்தா, தழும்பைத் தடவிக்கிட்டிருந்த அப்பா கை நீட்டறார். “குடுடா, ஒரே ஒரு தடவை. அம்மாகிட்ட சொல்லிடாதே!”