வால்பாறை ஓடையில் நண்டு பிடிக்கும் குடும்பம்

கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போய் அலுத்தவர்கள் ஒருமுறை வால்பாறைக்குப் போய் வாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் குழந்தைகளுக்கு எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

நாங்கள் தங்கிய இடத்துக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே ஓர் ஓடை. அங்கே பாறை மேல் கறுப்பாக ஏதோ எச்சம்; அதில் பொடிப்பொடியாக நண்டு ஓடு. தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர், "நீர்நாய்ங்க. ராத்திரி வந்து தின்னுட்டுப் போயிருக்கு" என்றார்.

"நீர்நாய் மீனல்லவா தின்னும்?" என்று நினைப்பீர்கள். சமவெளி ஆறுகளில் வாழும் பெரிய நீர்நாய்க்கு மீன்தான் முக்கிய உணவு. அது வாளை மீனைத் தேடுவதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. மலை ஓடையில் இருப்பது வேறு இனம். உலகின் நீர்நாய்களிலேயே மிகச் சிறியது. எடை 5 கிலோவுக்குள்தான். நகங்கள் மிகக் குட்டை. அதனால் விரல்களைக் கல்லுக்கடியிலும் சேற்றிலும் விட்டுத் துழாவி நண்டைப் பிடிக்கும். நாம் அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான்! அகன்ற கடைவாய்ப் பற்கள் ஓட்டை நொறுக்கிவிடும். நத்தை, பூச்சி, சிறு மீன்களையும் தின்னும்.

குடும்பமாகத்தான் வாழும். குட்டி வளர்ப்பில் தகப்பனுக்கும் பங்குண்டு. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்!

மறுநாள் கூழாங்கல் ஆற்றுக்குப் போனோம். சோப்பு நுரை, ஷாம்பு பாக்கெட், சாப்பிட்ட இலை. "ஏஞ்சாமி, இந்தத் தண்ணியில நண்டு எப்படிப் பொழைக்கும்?" என்றார் மாமியார். நியாயமான கேள்வி. நண்டு குறைந்தால் நீர்நாய்க் குடும்பம் பட்டினி. இந்த மலைகளில் சேரும் சோலையாற்றுத் தண்ணீர்தான் பரம்பிக்குளம் வழியாக நம் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்கும் வருகிறது.

ஆகவே சகோதரிகளே, போகும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். குளிக்க வேண்டுமானால் அறையிலேயே குளியுங்கள். ஆற்றில் சோப்பு வேண்டாம். குப்பைக்கு ஒரு துணிப்பை கொண்டு போங்கள். குழந்தைகள் ஓடைக் கல்லைப் புரட்டிப் பார்த்தால், திரும்ப அப்படியே வைக்கச் சொல்லுங்கள். அடியில் நண்டுக்குஞ்சு இருக்கும். இருட்டும் நேரத்தில் ஓடைப் பக்கம் போகாதீர்கள். அங்கே யானை, சிறுத்தை நடமாட்டம் உண்டு. நீர்நாயைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. பாறை மேல் நண்டு ஓடு கிடந்தால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.