சூளைக்குள் கோன், மண்டைக்குள் என்ன?

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று பழமலைநாதர் கோயில், இன்னொன்று ரயில்வே ஜங்ஷன். உள்ளூர்க்காரர்கள் மூன்றாவதாகப் பீங்கானையும் சேர்த்துக்கொள்வார்கள். நெய்வேலிப் பக்கத்துக் களிமண், செராமிக் தொழிற்பேட்டை, பொம்மைகள், அதற்கென்றே ஒரு அரசு செராமிக் பயிலகம் என்று ஊரே கொஞ்சம் மண் வாசனையோடுதான் இருக்கிறது.

இங்கே செராமிக் டிப்ளமோ படிக்கும் ஒரு மாணவன் கையில் 'அறிமுக உளவியல்' புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? "இதைப் படிச்சா அடுத்தவன் மனசுல இருக்கறது தெரிஞ்சிடுமா?" என்பதுதான் அனேகமாக முதல் கேள்வி. தெரியாது! "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்பது இரண்டாவது. அதுவும் இல்லை. வைத்தியத்துக்குத் தனிப் படிப்பு, தனிப் பயிற்சி எல்லாம் உண்டு. அப்படியானால் கணக்கும் வணிகவியலும் பொறியியலும் படிக்கிறவர்களுக்கு இந்தத் தாளை எதற்காக வைக்கிறார்கள்? ஒரு செராமிக் மாணவனுக்கு அதன் பதில் மற்றவர்களைவிடச் சுலபமாகப் புரியும்.

உளவியல் ஒரு துறையாகப் பிறந்தது அளவெடுக்கும் ஆசையில்தான். 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் வைத்தார். இந்தியாவில் 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்திலும், 1943-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் துறைகள் வந்தன. வுண்டுக்கு முன்பே, 1834-ல், அதே லைப்சிக்கில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற உடற்கூறியல் பேராசிரியர் ஒரு எளிய சோதனையைப் பதிவு செய்திருந்தார். இரண்டு எடைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி, எது கனம் என்று கேட்பதுதான் சோதனை. எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கைக்குத் தெரிகிறது? சுமார் 40-ல் ஒரு பங்கு. அதாவது 400 கிராம் களிமண் உருண்டையோடு 10 கிராம் சேர்த்தால் கை கண்டுபிடித்துவிடும். அதே 10 கிராமை 4 கிலோ உருண்டையோடு சேர்த்தால் தெரியாது, 100 கிராம் வேண்டும். கை கிராமை அளப்பதில்லை, விகிதத்தை அளக்கிறது.

கண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான். சூளையின் துளை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே "வெந்துடுச்சு" என்று சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெளிர் மஞ்சள் என்று சூடு ஏற ஏற நிறம் மாறும். ஆனால் அதே நெருப்பு பகல் வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் நடு ராத்திரியில் வேறு மாதிரியும் தெரிகிறது. நெருப்பு பொய் சொல்லவில்லை, பார்க்கிற கண்தான் சுற்றியுள்ள வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்கிறது.

பீங்கான்காரர்கள் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். 1782-ல் இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட், சூட்டில் களிமண் எவ்வளவு சுருங்குகிறது என்பதை வைத்து வெப்பம் அளக்கும் கருவி ஒன்றைச் செய்தார். 1886-ல் பெர்லினில் ஹெர்மன் செகர் சின்னச் சின்னக் கோன்களைக் கொண்டுவந்தார். மூன்று கோன்களை வரிசையாகச் சூளைக்குள் வைப்பது வழக்கம். முதலாவது தலை சாய்ந்தால் 'நெருங்கிவிட்டது'. இரண்டாவது சாய்ந்தால் 'வெந்துவிட்டது'. மூன்றாவதும் சாய்ந்தால் 'போச்சு'! சூளைக்காரரின் நம்பிக்கை, அவசரம், தூக்கக் கலக்கம் எதைப் பற்றியும் கோனுக்குக் கவலை கிடையாது.

சரி, இதே மாணவன் பரீட்சைக்குப் படிக்கும்போது என்ன செய்கிறான்? பாடத்தைப் படிக்கிறான். மறுபடி படிக்கிறான். முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போட்டு மூன்றாம் முறையும் படிக்கிறான். இப்போது வரிகள் எல்லாம் பழகிய முகமாகத் தெரிகின்றன. "எல்லாம் தெரியும்" என்று மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறான். மறுநாள் ஹாலில் உட்கார்ந்தால், பக்கத்தின் எந்த மூலையில் அந்தப் படம் இருந்தது என்பது வரைக்கும் ஞாபகம் வருகிறது, படத்துக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் வருவதில்லை. அரியர். வீட்டில் "நம்ம பிள்ளைக்கு மண்டையில ஏறாது" என்று சொல்லிவிடுகிறார்கள். அவனும் நம்பிவிடுகிறான். மண் தரமில்லை என்ற தீர்ப்பு சூளையைத் திறந்து பார்க்காமலே எழுதப்பட்டுவிடுகிறது.

அறிமுக உளவியலில் நினைவு பற்றிய பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தத் தீர்ப்பை அவ்வளவு சுலபமாக நம்ப முடியாது. 1885-ல் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, கணக்கெடுத்து வெளியிட்டார். மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவு. 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. மறப்பது மண்டையின் கோளாறு இல்லை, எல்லா மண்டையும் அப்படித்தான் வேலை செய்கிறது.

இன்னொரு ஆய்வு 2006-ல் வந்தது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. இதில் கவனிக்க வேண்டியது, "நன்றாக ஞாபகம் இருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான்.

ஆக, "தெரியும்" என்ற உணர்வு துளை வழியாகப் பார்க்கிற நெருப்பின் நிறம் மாதிரி. அது முழுப் பொய் இல்லை, ஆனால் அதை நம்பிச் சூளையை அணைத்துவிடக் கூடாது. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்ப்பதுதான் கோன். இதைச் செய்யும்போது மனதுக்குப் பிடிக்காது. பாதி வராது, எரிச்சலாக இருக்கும், திரும்பப் படிப்பதே சுகமாகத் தோன்றும். அந்த எரிச்சலைப் பார்த்து 'நமக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் எது வெந்தது, எது வேகவில்லை என்று காட்டுவது அதுதான்.

உளவியல் என்ற பெயரில் சொல்லப்படுவதையெல்லாம் அப்படியே விழுங்கிவிடவும் வேண்டாம். மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது வெறும் கதை. பார்த்துப் படிக்கிறவர், கேட்டுப் படிக்கிறவர் என்று ஆட்களைப் பிரித்து அதற்கேற்ப நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. அதே போல, ஒரு தாள் பாஸ் செய்தவர் ஆலோசகர் ஆகிவிட மாட்டார். நண்பன் பரீட்சை பயத்தைத் தாண்டி நிஜமாகவே உடைந்துபோயிருந்தால், அறிவுரை சொல்லாமல் கூட உட்கார்ந்து, 2022-ல் அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416-க்குப் போன் போட்டுக் கொடுப்பதே உதவி.

அரியர் வைத்திருப்பவர்கள் செய்து பார்க்க வேண்டியது ஒன்றுதான். இன்று படித்த பாடத்தை நாளைக்கு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, புத்தகத்தைத் திறக்காமல் எழுதிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் திறந்து படியுங்கள். சூளை ஒரு தடவை சரியாக வேகவில்லை என்றால், விருத்தாசலத்தில் யாரும் முதலில் மண்ணைத் திட்ட மாட்டார்கள். கோன் எங்கே சாய்ந்தது என்றுதான் பார்ப்பார்கள்.