மின்கலம் கற்பித்த அளவு

நொய்யல் நீர் நிரப்பும் சூலூர்ப் பெரியகுளத்தில், வானொலி அலைவழி இயங்கும் சிறு படகொன்றை விட்டு மகிழ்வது இளமையில் என் வழக்கம். ஒருமுறை, ‘நிறைந்திருப்பதே நலம்’ என்றெண்ணி, அதன் லித்தியம் மின்கலத்தை முழுதும் மின்னேற்றிக் கோடை முழுவதும் பெட்டியுள் வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் திறந்தபோது அது தலையணைபோல் வீங்கிக் கிடந்தது.

உண்மையைப் பின்னரே உணர்ந்தேன். அதன் ஒவ்வோர் அறையும் 4.2 வோல்ட்டில் நிறையும். 3 வோல்ட்டுக்குக் கீழே வடிந்தால் கெடும். ஓய்வுக்கு உகந்தது 3.8 வோல்ட்டு. நிறைவோடு வெப்பமும் சேர்ந்தால் உள்ளிருக்கும் நீர்மம் சிதைந்து வாயுவாகும். வீங்கிய கலத்தில் மீண்டும் மின்னேற்றுதல் தீயை அழைப்பதாகும்.

“ஏர்க்காளையைப் பட்டினி போடுவதும் தவறு, வயிறு புடைக்கத் தீனியிட்டுக் கட்டிவைப்பதும் தவறு” என்றார் என் பாட்டனார். அன்றுமுதல் ஆட்டம் முடிந்ததும் கலத்தைப் பாதி மின்னேற்றத்துடன் குளிர்ந்த இடத்தில் வைக்கலானேன். மாணவர்களே! அளவறிந்து பேணினால் பொருள் நெடுநாள் உழைக்கும்.