அக்கா வீட்டுச் சாம்பல் கல்

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரை வாயில் வைக்கும் நேரத்தில் போன். பொன்னேரியிலிருந்து அக்கா.

"டேய், சாம்பல் கல்லுல அணுக்கதிர் வருதாமே? உன் மாமா வாட்ஸ்அப்ல வந்ததைக் காட்டுறாரு. இறங்கின லோடைத் திருப்பி அனுப்பிடவா?"

மாமா ரிட்டயர் ஆகி வந்த பணத்தில் கட்டுகிற வீடு. விளையாட்டில்லை.

நான் படித்தது பி.காம். அணுவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பத்தாவது பாஸாகிற அளவுக்குத்தான். ஆனால், பத்திரிகைக்காரத் தம்பிக்கு எல்லாம் தெரியும் என்பது அக்காவின் நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன்? நாலு இடத்தில் படித்தேன், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன், கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினேன்.

அந்த ரயிலில் நீங்கள் போயிருக்கிறீர்களா? எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு வரும்போது, ஜன்னலுக்கு வெளியே உயர உயரமாகப் புகைபோக்கிகள். வட சென்னை அனல் மின் நிலையம் ஒன்று. வல்லூரில் 1,500 மெகாவாட்டில் இன்னொன்று. நம் வீட்டு ஃபேன் சுற்றுகிற மிச்சம்தான் அக்கா வீட்டு வாசலில் கல்லாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

மாமாவின் வாட்ஸ்அப் முழுப் பொய் இல்லை. மண், கருங்கல், நிலக்கரி எல்லாவற்றிலும் துளித்துளியாக யுரேனியமும் தோரியமும் உண்டு. நிலக்கரியை எரித்தால் கார்பன் காற்றோடு போய்விடும். இவை பெரும்பாலும் சாம்பலில் தங்கிவிடும். நம்ம ஊர் நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 40 சதவிகிதம். 100 கிலோவில் பரவிக் கிடந்தது, சுமார் 35 கிலோவுக்குள் ஒடுங்குகிறது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

தோரியம் நமக்கு அந்நியமும் அல்ல. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்த கதை அதுதான். அன்றைக்கு அதைத் தேடியது குண்டு செய்ய அல்ல, கேஸ் விளக்கின் மேன்டிலுக்காக. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தாலி கட்டிய தாத்தாக்கள் எல்லாம் தோரிய வெளிச்சத்தில்தான் கட்டினார்கள்.

ஆக, 'இருக்கிறதா' என்பது கேள்வியே இல்லை. 'எவ்வளவு' என்பதுதான் கேள்வி. ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். சாதாரண மண்ணில் உலக சராசரி, கிலோவுக்கு ரேடியம் 30 சொச்சம் பெக்கரல். சாம்பலில் பொதுவாக அதைப்போலச் சில மடங்கு. யுரேனிய, தோரியக் குடும்பங்களுக்கு, 'இதைத் தாண்டினால் கண்காணி' என்று சர்வதேச அணுசக்தி முகமை போட்டிருக்கிற கோடு 1,000. அதோடு, கல்லில் சேர்வது சாம்பல் மட்டும் இல்லை. மணலும் சிமென்ட்டும் கலந்து இறுகிவிடுகிறது.

"அப்போ கட்டலாமா?" என்றாள் அக்கா.

"தாராளமா. ஜன்னலை மட்டும் பெரிசா வை." ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு கசியும். காற்றோட்டம் இருந்தால் அது தங்காது. எந்தக் கல்லில் கட்டினாலும் இது பொருந்தும்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி சிரித்தார். "கல்லுக்கே பயப்படுறீங்க. எங்க ஊர்ப்பக்கம் வந்து பாருங்க சார்."

அவர் பைக்கில் போனேன். சாம்பல் குளத்தை ஒட்டிய கிராமம். காற்று எழுந்தது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. திண்ணையில் ஓர் அம்மா சோற்றுத் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார். "காத்தடிச்சா சோத்துல விழுந்துடும் தம்பி. மூடி மூடிதான் சாப்பிடணும்."

கல்லுக்குள் சாம்பல் கட்டுண்டு கிடக்கிறது. குளத்தில் அது அவிழ்ந்து கிடக்கிறது. அங்கே கதிர்வீச்சைவிடப் பெரிய வில்லன்கள் நுண்தூசியும், தண்ணீரில் இறங்கும் ஆர்சனிக் போன்றவையும். சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது ஊரறிந்த கதை.

பாதுகாப்பாக வைக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். குளத்துக்கு அடியில் நீர் இறங்காத விரிப்பு. மேலே எப்போதும் ஈரம். நிரம்பியதும் மண் போட்டு மூடிச் செடி வளர்ப்பது. சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர்ச் சோதனை. மீதியை அக்கா வீட்டுக்கு வந்தது போலக் கல்லாக்கி, சிமென்ட்டாக்கித் தீர்ப்பது. மத்திய அரசின் முதல் சாம்பல் ஆணை 1999-லேயே வந்துவிட்டது. 2021 டிசம்பர் 31 ஆணை, முழுச் சாம்பலையும் பயன்படுத்தச் சொல்கிறது. பழைய குவியலைத் தீர்க்கப் பத்து வருஷ கெடு.

பி.காம். படித்தவனுக்கு ஒன்று புரிந்தது. மின்சாரம் நம் வரவுக் கணக்கில் ஏறியது. செலவை அந்த அம்மாவின் தட்டில் எழுதிவிட்டோம்.

அக்காவின் பயம் ஆயிரம் போன்களைச் சுற்றி வந்தது. கவிழ்த்து வைத்த அந்தத் தட்டு ஒரு போனுக்கும் வரவில்லை. முடிந்தால் அதை ஃபார்வர்டு பண்ணுங்களேன்.